தானியப் பானம் காய்ச்சிய குடும்பம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி "பீர் பங்களா" என்று சொன்னால் போதும். பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு மாந்தோப்பு வாசலில் சரியாக இறக்கிவிடுவார்கள். அந்த வாசலில் இருக்கும் பலகையில் பீர் என்ற சொல் எங்கும் கிடையாது. குடும்ப அறக்கட்டளையின் பெயரும், அதற்குக் கீழே 'கல்வி, மருத்துவம், மது மறுவாழ்வு' என்ற சொற்களும் மட்டும் இருக்கும். அந்தக் கல்வியில் நான் ஒரு சிறு பங்கு. அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் சரித்திர ஆசிரியை.

பலகை சொல்லாத சரித்திரம் இதுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தக் குடும்பத்தின் மூத்தவர் சாராயக் குத்தகை எடுத்தார். அது நன்றாக ஓடியது. பிறகு யாரோ ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் வித்தை கற்று, பரங்கிமலையில் இருந்த சிப்பாய்களுக்கு பீர் காய்ச்சி விற்றார். அது இன்னும் நன்றாக ஓடியது. வந்த லாபத்தில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் தொடங்கி ஒரகடம் வரைக்கும் நிலமாக வாங்கினார்கள். நிலம் வந்ததும் தர்ம சிந்தனையும் வந்தது. காஞ்சிபுரம் போகும் யாத்ரீகர்களுக்கு ஒரு சத்திரம், சித்திரை வெயிலில் மோர்ப்பந்தல், இலவசக் கண் வைத்தியசாலை, பிறகு எங்கள் பள்ளி. சிப்பாய்க்கு பீர், யாத்ரீகனுக்கு மோர் என்று இருவர் தாகத்தையும் தீர்த்துவைத்த குடும்பம் அது.

மதுவிலக்கு வந்தபோது சோடாவும் வினிகரும் தயாரித்தார்கள். குடும்பத்தில் பக்தி பெருகியது அந்தக் காலத்தில்தானாம். மதுவிலக்கு போன பிறகும் பக்தி குறையவில்லை. காய்ச்சுவது மட்டும் கூடச் சேர்ந்துகொண்டது. இப்போது தொழிற்சாலை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே மிச்சமிருக்கும் நிலத்தில் கன்டெய்னர் யார்டுகளும் கோடவுன்களும். நடுவில் மாந்தோப்பு, தோப்புக்குள் பங்களா.

கொரோனா முடிந்து பள்ளிகள் ஒழுங்காகத் திறந்த பிறகு, அறக்கட்டளையை நிர்வகிக்கும் சின்னவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்னவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருந்தாலும் ஊருக்கு அவர் சின்னவர்தான். அறக்கட்டளைத் தலைவியான பெரியம்மாவின் கொழுந்தன் மகன். ஏசி அறையில் எனக்கு எதிரே ஒரு நாற்காலியும் ஒரு கப் கிரீன் டீயும் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன், டீ அன்றைக்குத்தான் கிடைத்தது.

"டீச்சர், பங்களா ஹால்ல ஒரு மியூசியம் வைக்கறோம். எங்க ஃபேமிலியோட ஹெரிடேஜ். நீங்கதான் போர்டு எல்லாத்துக்கும் தமிழ்ல எழுதித் தரணும். நீங்க ஹிஸ்டரி ஆச்சே."

"எழுதறேன் சார்."

"ஒரே ஒரு விஷயம். அந்த வார்த்தை வரக்கூடாது."

"எந்த வார்த்தை சார்?"

அவர் கதவைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. "அதான் டீச்சர். நம்ம தொழில்."

"அப்ப தொழிலப் பத்தி என்னன்னு சார் எழுதறது?"

"தானியப் பானம்னு எழுதுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. தானியம்தான். பானம்தான்."

பொய் இல்லைதான். நானும் எழுதினேன். 'பரங்கிமலைப் பகுதி மக்களுக்குத் தரமான தானியப் பானம் வழங்கி வந்த இக்குடும்பம்' என்று ஆரம்பித்தேன். சிப்பாய்களை மக்கள் ஆக்கியது சின்னவரின் திருத்தம். ஹாலின் நடுவில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை இருந்தது. ஆதியில் பீர் காய்ச்சிய கொப்பரை. அதைப் புளி போட்டுத் துலக்கி, விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைத்து, 'தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி காய்ச்சிய அன்னதானக் கொப்பரை' என்று ஒரு பலகை வைக்கச் சொன்னார். பஞ்சத்தில் அந்தக் குடும்பம் கஞ்சி ஊற்றியது உண்மை. அந்தக் கொப்பரையில்தானா என்பது கொப்பரைக்கே வெளிச்சம்.

பெரியம்மாவின் கார் டிரைவர்தான் எனக்கு உதவியாக மேசை நகர்த்தி, படம் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து கிராமத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கொப்பரைக்கு வைத்த பலகையை ஒரு முறை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சிரிக்கறீங்க?" என்றேன். அவரோடு பேசிப் பேசி எனக்கும் 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"கஞ்சி ஊத்துனது நெசந்தான் டீச்சர். எங்க தாத்தனுக்குத் தாத்தன் இங்கதான் வந்து கஞ்சி வாங்கிகினாராம். இந்தக் கையில கஞ்சி, அந்தக் கையில ரேகை. நாங்க வெச்சினு இருந்த கழனி அப்டித்தான் இவுங்க கைக்கு வந்துச்சு. காலையில கஞ்சி, சாயங்காலம் கிரயம்."

"கோவம் இல்லையா உங்களுக்கு?"

"இன்னாத்துக்குக் கோவம்? கழனி கையில இருந்திருந்தா, எங்க ஊர்ல மத்தவனுங்க மாதிரி நானும் கம்பெனிக்கு வித்துட்டு, காரு வாங்கி, பந்தா பண்ணி, கடேசில அந்தக் காரையே டாக்சி ஓட்டிகினு இருப்பேன். இப்பவும் காருதான ஓட்டறேன்."

சொல்லிவிட்டு நாற்காலி மேல் ஏறி, தலைப்பாகையும் பதக்கமுமாக இருக்கும் மூத்தவர் படத்தை நேராக்கினார். இறங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்கு வேறு காரணம் இருந்தது. எனக்கு அது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மா சென்னையிலிருந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். வெள்ளைப் பருத்திப் புடவை, முழுக்கை ரவிக்கை, காதில் மட்டும் வைரத்தோடு. பிள்ளைகள் இல்லை. கணவர் போய் நாளாகிவிட்டது. அறக்கட்டளைக் காசோலைகளில் கையெழுத்துப் போடுவதும், வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு கொடுப்பதும்தான் அவர் வேலை. பரிசு கொடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம்.

அன்று மதியம் ஹாலில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் படித்து வந்தார். முதல் பலகைக்கே திரும்பி வந்து நின்றார்.

"தானியப் பானம்னா என்ன டீச்சர்? கேழ்வரகுக் கூழா?"

நான் மென்று விழுங்கினேன். "இல்லைங்கம்மா. பீர்."

"அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே?"

"சின்னவர் வேண்டாம்னாருங்கம்மா."

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார்.

"அவனச் சொல்லிக் குத்தமில்ல. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தப்ப, முதல் நாளே மாமியார் சொல்லிக் கொடுத்தது அதுதான். யாராவது கேட்டா 'கம்பெனி'ன்னு சொல்லணும். என்ன கம்பெனின்னு கேட்டா 'குடும்பக் கம்பெனி'. அதுக்கும் மேல கேட்டா காபி கொண்டுவர உள்ள போயிடணும். எத்தனை காபி போட்டிருக்கேன் தெரியுமா!"

பிறகு கொப்பரைப் பக்கம் திரும்பினார்.

"நான் அதை நாக்குல வெச்சுப் பார்த்ததே இல்ல டீச்சர். இந்த வீட்டுப் பொம்பளைங்க யாருமே பார்த்ததில்ல. அது எப்படி இருக்கும்? தித்திப்பா? புளிப்பா?"

"எனக்கும் தெரியாதுங்கம்மா."

"வாங்க, தெரிஞ்சுப்போம்," என்று எழுந்துவிட்டார்.

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். கார் ஒரகடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒயின்ஷாப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். பிறகு டிரைவரிடம், ஏதோ வெற்றிலை பாக்கு வாங்கச் சொல்வதுபோல, "போய் நம்ம பீர் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா," என்றார்.

டிரைவர் திரும்பவில்லை.

"அம்மா, நான் போவ முடியாதும்மா."

"ஏன்?"

"நான் நம்ம சென்டர்ல ட்ரீட்மென்ட் எடுத்துகினு வந்தவம்மா. குடிய வுட்டு நாலு வருசம் ஆச்சு. சத்தியம் பண்ணிக்கீறேன். கடைப் பக்கமே போவ மாட்டேன்னு."

வாலாஜாபாத் ரோட்டில் அறக்கட்டளை நடத்தும் மறுவாழ்வு மையத்தைத்தான் அவர் சொன்னார். பெரியம்மாவுக்கு அது தெரியாது. மையத்துக்கான காசோலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே தவிர, அங்கே யார் வந்தார், யார் போனார் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. முகம் வாடிவிட்டது.

"தெரியாம சொல்லிட்டேன்பா. மன்னிச்சுக்கோ. யார் முன்னாடி சத்தியம் பண்ணே? சாமி படமா?"

"இல்லம்மா. பெரிய ஐயா படம். தலைப்பா கட்டிகினு மெடல் போட்டுகினு இருப்பாரே, அவுரு போட்டோ மேலதான் எல்லாரும் கைய வெச்சி சத்தியம் பண்ணுவோம்."

பீர் காய்ச்சியவர் படத்தின் மேல் கை வைத்து, இனிக் குடிக்க மாட்டோம் என்று ஊர் ஆம்பிளைகள் சத்தியம் செய்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். யார் முதலில் சிரித்தது என்று இப்போது நினைவில்லை. பெரியம்மா சிரித்தார், நான் சிரித்தேன், என்னமோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்த டிரைவரும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி, விடுங்க. வீட்டுக்குப் போலாம்," என்றார் பெரியம்மா. ஆனால் குரலில் ஏமாற்றம் இருந்தது.

"நான் போறேங்கம்மா," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் மாமியார் வீட்டில் வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. எண்பது வயதுக்கு மேல் ஒருவர் முதல்முறையாக ஒன்றைக் கேட்கிறார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பரீட்சைத் தாள் திருத்தக் கொண்டுபோகும் துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அது முதல் ஷிப்ட் விடும் நேரம். கடை வாசலில் கம்பெனிச் சட்டைகள் நீலமும் சாம்பலுமாக நின்றிருந்தன. ஒடிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கம்பி வலைக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர்! பொண்ணு இன்னா பண்ணிச்சு டீச்சர்? நாளைக்கு ஸ்கூலுக்கே வந்து பாக்கறேன் டீச்சர். அதுக்கோசரம் இங்க வரைக்கும் வந்துட்டீங்களே!"

"பொண்ணு நல்லாப் படிக்குதுங்க. நான் உங்களப் பாக்க வரலை."

"அப்புறம்?"

"பீர் வாங்க வந்தேன்."

நான் விளையாட்டாகப் பேசுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். திரும்பி உரக்கச் சொன்னார்: "யப்பா, டீச்சரு வந்துக்கீறாங்க. வழி வுடுங்கப்பா!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியர் மாநாட்டிலோ சுதந்திர தின விழாவிலோ எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. சிலர் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எங்கள் பழைய மாணவன் ஒருவன் "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்று சொன்னான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கம்பி வலைக்குள் இருந்த விற்பனையாளர் என் முகத்தைப் பார்க்காமலே, "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றார்.

குடும்பக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அதுவா? அத யாரும் இங்க கேக்கறதில்லியே. பழைய ஆளுங்க சரக்கு. இருங்க, கீழ ஒண்ணு கீது." குனிந்து தேடி எடுத்து, தூசியைத் தன் சட்டையால் துடைத்துக் கொடுத்தார். "கூலிங் இல்ல. பரவால்லியா?"

"பரவால்ல."

பெண்ணின் அப்பா தன் கையிலிருந்த தினத்தாளின் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பாட்டிலைச் சுற்றிக் கொடுத்தார். பைக்குள் அதை வைத்தபோது ஏழாம் வகுப்பு விடைத்தாள்களும் உள்ளே இருந்தன. முகலாயர் ஆட்சி பற்றிய கேள்விகள்.

பங்களாவுக்குத் திரும்பிய பிறகுதான் பாட்டிலைத் திறக்கும் வழி எங்களுக்குத் தெரியாது என்பது தெரிந்தது. நான் கத்தியால் முயன்றேன். பெரியம்மா சாவியைக் கொடுத்தார். வாசலில் நின்றிருந்த டிரைவரால் அந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே வந்தார். மூக்கை இடது தோளில் புதைத்துக்கொண்டு, ஜன்னல் தாழ்ப்பாளில் ஒரு தட்டுத் தட்டினார். மூடி பறந்தது. மூச்சை விடாமலே வெளியே ஓடினார்.

பெரியம்மாவுக்கு வெள்ளி டம்ளரில் ஊற்றினேன். அந்த வீட்டில் வேறு டம்ளர் கைக்கு அகப்படவில்லை. நுரை பொங்கி அவர் விரல் மேல் வழிந்தது. கொப்பரைக்குப் பக்கத்தில், மூத்தவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"கசக்குது."

"ஐயோ, துப்பிடுங்கம்மா."

"முழுங்கிட்டேனே." இன்னொரு வாய் குடித்தார். முதல் வாய் தவறாகப் போய்விட்டதோ என்று சோதிப்பதுபோல் இருந்தது. இரண்டாவதும் கசந்தது. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மாமரங்களுக்கு அப்பால் கன்டெய்னர்கள் நீலமும் சிவப்புமாக அடுக்கியிருந்தன. அதற்கும் அப்பால் கோடவுன் கூரைகள்.

"இதுக்கா இவ்வளவு நிலம்?" என்றார்.

எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். வேப்பங்கொழுந்தை ஊறவைத்த சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்காக ஷிப்ட் முடிந்த கையோடு வரிசையில் நிற்கிறவர்களை எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. மிச்சத்தைச் செண்பக மரத்தடியில் ஊற்றினோம். டிரைவர் மட்டும் வேகமாக ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் கொட்டினார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் சேதி ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டது. யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். என் கணவர் கார் உதிரி பாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய லைன்காரர்கள் அதை அவருக்கே அனுப்பியிருந்தார்கள். மாமியார் பூஜை அறையிலிருந்து வெளியே வரவில்லை. கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கூலிங்கா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது நல்ல நாள்களில் ஒன்று.

மறுநாள் பள்ளி வாசலில் மகளிர் குழுப் பெண்கள் சிலர் எனக்காகக் காத்திருந்தார்கள். தனி ஆளாக ஒயின்ஷாப்பை முற்றுகையிட்டதற்காக எனக்குச் சால்வை போட வந்திருந்தார்கள். நான் பாட்டில் வாங்கத்தான் போனேன் என்று சொன்னேன். நம்பவில்லை. "இவ்ளோ அடக்கமா இருக்கீங்களே டீச்சர்," என்று சொல்லிச் சால்வையைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

திறப்பு விழாவுக்குச் சுற்று வட்டாரக் கம்பெனி மேனேஜர்கள், ஊராட்சித் தலைவர், எங்கள் பள்ளிப் பிள்ளைகள், கிராமத்து ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரியம்மாவுக்குச் சின்னவர் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார். அதில் 'தானியப் பானம்' என்ற சொல்கூட இல்லை. எச்சரிக்கையாக அதையும் எடுத்துவிட்டிருந்தார். பெரியம்மா அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எங்க வீட்டுப் பெரியவர் பீர் காய்ச்சி வித்தார்," என்று ஆரம்பித்தார். "அதுக்கு முன்னாடி சாராயம் வித்தார். அந்தப் பணத்துலதான் இந்த நிலம், இந்தப் பங்களா, நம்ம ஸ்கூல் எல்லாம். நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இதைச் சொல்லாம இருக்கக் கத்துக்கிட்டேன். இன்னிக்குச் சொல்லிட்டேன்."

சின்னவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்களுக்குத் தெரியும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். பிறகு அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"பஞ்சத்துல உங்க முன்னோருக்குக் கஞ்சி ஊத்தினோம்னு இங்க போர்டு வெச்சிருக்காங்க. ஊத்தினோம். அப்பவே உங்க நிலத்தையும் எழுதி வாங்கினோம். என் மாமனார் அதைப் பெருமையாத்தான் சொல்வார், சமயோசிதம்னு. நான் இத்தனை நாள் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஏரிக்கரையில இன்னும் காலியா கொஞ்சம் நிலம் இருக்கு. நிலம் போன குடும்பங்களுக்கு அதை வீட்டு மனையாக் கொடுக்கறதா இருக்கேன்."

முதலில் கை தட்டியவர் டிரைவர்தான். ஓர் ஓரத்தில் நின்று தட்டினார். பிறகு தன் முதலாளி வீட்டு விஷயத்தில் தானே கை தட்டுவது சரியா என்ற சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார். அதற்குள் கூட்டம் தட்ட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வாரம் வக்கீல்கள் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார் பெரியம்மா. சாட்சி மாதிரி. மூத்த வக்கீல் மிகவும் பணிவானவர்.

"அம்மா, ஏரிக்கரை நிலம் அறக்கட்டளைச் சொத்து. தர்ம காரியத்துக்காகவே ஒதுக்கின சொத்து."

"நானும் தர்மம்தானே பண்ணப் போறேன்?"

"அதாம்மா சிக்கல். தர்மத்துக்குன்னு எழுதி வெச்ச நிலத்தைத் தூக்கி தர்மமாக் கொடுத்திட முடியாது. அதுலேர்ந்து வர்ற வருமானத்துலதான் தர்மம் பண்ணலாம்."

"வருமானம் எதுலேர்ந்து வரும்?"

"கோடவுன் கட்டி வாடகைக்கு விட்டா வரும்," என்றார் சின்னவர். அதற்கான வரைபடம் அவர் கையிலேயே இருந்தது.

பெரியம்மா வரைபடத்தைத் தொடவில்லை. நான் விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் மட்டும், "என் பேர்ல எதுவுமே இல்லையா?" என்று கேட்டார்.

வக்கீல் தயங்கினார். இருந்தது. மணிமங்கலத்தில் கொஞ்சம் நிலம். அவர் கல்யாணத்தின்போது அப்பா சீதனமாகக் கொடுத்தது. அவர் அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம். அந்தக் குடும்பத்தின் சொத்துகளில் சாராய வாசனை படாதது அது ஒன்றுதான்.

அதைத்தான் பெரியம்மா மனை போட்டுக் கொடுத்தார். பீர் நிலம் பத்திரமாக இருந்தது. வாத்தியார் நிலம் அதற்குப் பிராயச்சித்தம் செய்தது. இதில் இருக்கும் வேடிக்கையை நான் அவரிடம் சொன்னபோது, "தெரியும் டீச்சர். எங்கப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார்," என்றார். "ஆனா கொடுத்திருப்பார்."

சின்னவரும் சும்மா இருக்கவில்லை. பேச்சின் வீடியோவைச் சென்னையில் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள்தான் அவருக்குத் தைரியம் சொன்னார்களாம். உண்மை நல்லா விற்கும் சார் என்று. ஒரு மாதத்தில் என் பலகைகளெல்லாம் கழற்றப்பட்டு, 'பீர்' என்று கொட்டை எழுத்தில் புதிய பலகைகள் வந்தன. பாட்டில் லேபிளில் தலைப்பாகையோடு மூத்தவர் படம் ஏறியது. மது விளம்பரம் கூடாது என்பதால் அதே பெயரில், அதே படத்தோடு, சோடா விளம்பரம் வந்தது. பழைய ஆட்கள் சரக்கு என்று கீழே கிடந்த பாட்டில் இப்போது கடையில் முதல் வரிசையில் இருப்பதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

இதனால் மறுவாழ்வு மையத்தில் ஒரு சங்கடம். பாட்டிலில் இருக்கிறவர் படத்தின் மேல் எப்படிச் சத்தியம் வாங்குவது? அதற்குப் பதிலாகப் பெரியம்மா படத்தை மாட்டலாம் என்று முடிவு செய்து, படம் கேட்டு வந்தார்கள். அவர் பதறிவிட்டார். "ஐயையோ, நான் குடிச்சவளாச்சே!" கடைசியில் ஒரு முருகன் காலண்டரை மாட்டினார்கள்.

மணிமங்கலம் மனையில் ஒன்று டிரைவருக்கும் கிடைத்தது. பத்திரம் கையில் வாங்கியபோது அழுதார். மறுவாரமே குறையும் சொன்னார்: "மணிமங்கலத்துலேர்ந்து டூட்டிக்கு வந்து போறது கஸ்டம் டீச்சர். எங்க பாட்டன் பூட்டன் நிலம் ரோட்டு மேல இருந்துச்சு." இருந்தாலும் கடன் வாங்கி இரண்டு அறையும் மேலே தகர ஷீட்டும் போட்டார். தான் குடிபோகவில்லை. ஒரகடத்தில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நானும் போனேன். வாசலில் கொடி கட்டி கம்பெனிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு பையன் பெரிய வாணலியில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தான். கடுகெண்ணெய் வாசனை. உட்கார நாற்காலி இல்லாததால் காலி பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். பெரியம்மா அதில் உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள். குடித்தார்.

அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு பையன் டிரைவரிடம், "இது உங்க ஓனர் அம்மாவா?" என்று கேட்டான்.

டிரைவர் சட்டென்று, "ஆமா, ஓனர் அம்மா," என்றார்.

"நான் இல்லப்பா," என்றார் பெரியம்மா. "ஓனர் இவருதான்."

பையன்களுக்குத் தெரிந்த சேதிதானே அது. அவர்கள் தலையாட்டிவிட்டு வாணலியைக் கவனிக்கப் போனார்கள். டிரைவர்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு சுவரில் ஓர் இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருப்பதைப் பார்த்து, அதுவரை அவரிடம் நான் கேட்டிராத குரலில், "இன்னாபா இது, ஆணி அடிக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்று அவர்களை அதட்டினார்.

பெரியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அதட்டலைத் திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் டிரைவர் போய்க் காரை எடுத்துவந்தார்.